பிரெஞ்சு ஏகாம்பரமும் இல்லாத விலுஷேவும்

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் கதையை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. கொளவாய் ஏரியின் மீதும், என் இரண்டு கண்களிலும் நடந்த புரை அறுவையின் மீதும் ஆணையாக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஞாயிறு இலக்கிய மன்றத்தில் எல்லோருக்கும் நான் மாமா. மாமா வாயைத் திறந்தால் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பது மன்றத்தின் எழுதப்படாத விதி. அந்த விதியை நான் மதிக்கிறேன். அது உண்டாவதற்காக நாற்பது ஆண்டுகள் அரும்பாடுபட்டவன் நானே. ஆனால் இந்த முறை எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செய்தி வந்தபோது செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிரே இருக்கும் கடையில் மூன்றாவது இட்லியில் இருந்தேன். கைபேசியில் அழைத்தவர் முருகேசன், மாமல்லபுரத்தில் கைடு வேலை பார்ப்பவர்.

“மாமா, ஏகாம்பரம் அண்ணாத்த பூட்டாரு.”

“எங்கேய்யா போனார்?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

“காலைல டீ குடிச்சிகினு இருந்தாரு மாமா. டம்ளர கீழ வச்சாரு. அவ்ளோதான்.”

பரிமாறுகிறவர் கையிலிருந்த சாம்பார் வாளி அந்தரத்தில் நின்றது. தாம்பரம் வண்டி மரியாதை நிமித்தம் எட்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நான் கையைக் கழுவிக்கொண்டு மாமல்லபுரம் பேருந்தில் ஏறினேன்.

ஏகாம்பரத்தின் வீடு கடலோரக் குப்பத்தில், வலை காயப்போடும் மணலுக்கு இந்தப் பக்கம். தெருமுனையிலேயே கண்ணீர் அஞ்சலித் தட்டி கட்டியிருந்தார்கள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே ‘கைடு ஏகாம்பரம்’ என்று இருந்தது. நான் தட்டிக்குப் பின்னால் போய்கூடப் பார்த்தேன். இன்னொரு சொல்லை அங்கே எங்கும் காணவில்லை. ஐந்து ரதத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் அந்த மனிதரை வெறும் ஏகாம்பரம் என்று எவரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவர் பிரெஞ்சு ஏகாம்பரம். தபால்காரர் அப்படித்தான் தேடி வருவார். ரேஷன் கடையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முருகேசனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். “தட்டியில பிரெஞ்சு எங்கய்யா?”

“வேணாம்னு வுட்டோம் மாமா. கடைசில மறந்துட்டாருல்ல. செங்கல்பட்டுல மேடைல வச்சி அசிங்கமாப் பூடுச்சே. அத்தப் போயி போட்டா, பாக்கறவன் சிரிப்பான்.” பிறகு, இறந்தவரைக் குறை சொல்லிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, “தங்கமான மனுசன் மாமா. பிரெஞ்சுதான் கைவுட்ருச்சு” என்றார்.

எனக்கு ஆக வேண்டிய காரியம் இதுதான். அந்த ஒரு சொல் அந்தத் தட்டிக்குத் திரும்ப வேண்டும்.

மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, ஆளைப் பற்றிச் சொல்கிறேன். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, கடலில் இறங்கினாலே வாந்தி எடுக்கிற உடம்போடு வளர்ந்தவர் ஏகாம்பரம். அதனால் கரையிலேயே பிழைக்க வேண்டியதாயிற்று. சிற்பங்களைக் காட்டுகிற வேலைக்கு வந்தார். வெள்ளைக்காரர்களின் பின்னாலேயே நடந்து காதால் பாதி பிரெஞ்சு கற்றார். மீதிப் பாதிக்காக ஞாயிறுதோறும் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினார். அவர் பிரெஞ்சு பேசினால், பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்துகொண்டிருக்கும் கல்பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். நானே இருமுறை பார்த்திருக்கிறேன்.

கைடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லக்கூடாது. ஒருமுறை ஒரு பிரெஞ்சு அம்மாள் அதே சிற்பத்தின் முன்னால் நின்று, யானைக் காலுக்கடியில் இருக்கிற ஆகச் சிறிய குட்டியைக் காட்டி, அதன் பெயர் என்ன என்று கேட்டார். பல்லவ மன்னர்களே பதில் சொல்லத் திணறியிருப்பார்கள். ஏகாம்பரம் இமைக்கவில்லை. “குட்டியம்மாள்” என்றார். பிறந்த நட்சத்திரமும் சொன்னார். அடுத்த வருஷம் அந்த நட்சத்திரத்தன்று குட்டியம்மாளுக்கு பாரிஸிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது.

“ஏன்யா இப்படிப் புளுகுறே?” என்று கேட்டேன்.

“கேட்டவங்க வெறுங்கையோட போவக் கூடாது அண்ணாத்த” என்றார். அவர் அடிக்கடி சொல்வது இது. இதிலிருந்துதான் எல்லா வம்பும் ஆரம்பித்தது.

நம் மன்றம் மாதம் ஒரு ஞாயிறு, பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் மாடியில் கூடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ரயில் போனால் பேச்சாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தலைமை புலவர் தணிகாசலம் அய்யா. அவர் தொண்டையைச் செருமினால் மதுராந்தகம் ஏரியில் அலை எழும். அப்படி ஒரு ஞாயிறு, அமலா முதன்முறையாகக் கவிதை வாசிக்க எழுந்தாள். மதுராந்தகம் பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை. அப்பா அந்தப் பக்கத்து நிலங்களிலெல்லாம் கூலிக்கு நடவு நட்டவர். சொந்தமாக ஒரு சாண் இல்லை. அமலா கவிதை எழுதுவது மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகித உறைகளில். அன்றும் அப்படி ஒரு உறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*வரிசையில் அப்பா வந்தார்.*
*பெயர் என்ன என்று கேட்டேன்,*
*எல்லோரையும் கேட்பதுபோல.*
*தோளில் கிடந்த துண்டை எடுத்துக்*
*கையில் வைத்துக்கொண்டு*

அவ்வளவுதான். அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

புலவர் செருமினார். “முடிவு எங்கேயம்மா? இது பாதியில் நிற்கிறதே. முடிக்கத் தெரியாமல் வாசிக்க வரலாமா? இப்படி எந்த நாட்டிலாவது வழக்கம் உண்டா?”

அமலா தலை குனிந்தாள். அடுத்த மாதம் அவள் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஏகாம்பரம் எழுந்தார். கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது; கைடு பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

“உண்டு அய்யா. பிரான்சுல உண்டு” என்றார். “விலுஷேன்னு ஒரு கவி. அவரு எல்லாப் பாட்டுலயும் கடைசி வரிய எழுதுவாரு, அப்புறம் அத்த எடுத்துடுவாரு. கேக்கறவங்க மனசுல அது தானா வரணும். அங்க இந்த மாதிரி பாட்டுக்கே விலுஷேன்னுதான் பேரு.”

புலவர் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். இந்த விஷயத்தில் அவரும் கைடு சாதிதான். சற்று யோசிப்பதுபோல் மேலே பார்த்துவிட்டு, “ஆம், விலுஷே. படித்த நினைவு இருக்கிறது” என்றார். கைதட்டல். அமலா அடுத்த மாதமும் வந்தாள்.

அந்தப் பெயர் பிறகு கால் முளைத்து நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ‘நல்ல விலுஷே’ என்றார்கள். ‘இந்தக் கவிதையில் விலுஷே கொஞ்சம் தூக்கல்’ என்றார்கள். சிறுபத்திரிகை ஒன்றில் மதிப்புரை எழுதியவர் ‘பின்விலுஷே மனநிலை’ என்று எழுதினார். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியாது, விலுஷேவுக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு அயோக்கியன் நம் மன்றத் தாளில் விலுஷேவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதினான். துறைமுக ஊரில் பிறந்தார், ஏழு முறை காதலித்தார், கடைசிக் கவிதையின் கடைசிப் பக்கத்தைச் சுறாமீன் தின்றுவிட்டது என்றெல்லாம் அதில் வந்தது. அந்த அயோக்கியன் நான்தான். ஏகாம்பரம் படித்துவிட்டு, “சுறா கொஞ்சம் ஓவரு அண்ணாத்த. நெத்திலியா வச்சிருக்கலாம்” என்றார்.

எட்டு வருஷம் போனது. அமலாவின் கவிதைகளை மன்றமே நூலாகக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. ‘மருந்து உறையின் பின்பக்கம்’ என்று தலைப்பு. புலவர் விலுஷே மரபைப் பற்றிப் பதினொரு பக்க முன்னுரை எழுதினார். அதற்காக இன்னும் இரண்டு செய்தி வேண்டும் என்று கைபேசியில் விலுஷேவைத் தேடியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தேடியிருக்கிறார். ஒரு பல் மருத்துவர் வந்தாராம்.

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புலவர் என்னையும் ஏகாம்பரத்தையும் கூப்பிட்டுவிட்டார். முகம் கல்லாக இருந்தது. “திருவிடந்தையில் உங்களுடைய பிரெஞ்சு அம்மையார் வந்து தங்கியிருக்கிறாராமே. நூலகராக இருந்தவராமே. அவரே நூலை வெளியிடட்டும். மேடையில் அவரிடம் விலுஷேவைப் பற்றி நான் கேட்பேன். அப்படி ஒருவர் இல்லையென்றால், என் முன்னுரையை அங்கேயே கிழிப்பேன். மன்றத்தின் பெயரில் அந்த நூல் வெளிவராது. பொய்யின் மீது கவிதை எழுதியவளை நான் மேடையேற்றியவன் என்று எவனும் சொல்லக்கூடாது.”

வெளியே வந்ததும் ஏகாம்பரம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். போகிற வழியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டே பேசும் தொழில் அவருடையது.

“நம்மள அடிச்சா பரவால்ல அண்ணாத்த. அந்தப் பொண்ணு எழுதினதெல்லாம் கிழிஞ்சிபோவுமே” என்றார்.

புலவர் சொன்ன அந்த அம்மாள் பெயர் கிளேர். பிரான்சில் ஏதோ ஊர் நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷம் தவறாமல் தை மாதம் வருவார். ஏகாம்பரத்தைத் தவிர வேறு கைடு வைத்துக்கொள்ளமாட்டார். வெளியீட்டு நாளன்று காலையில் நாங்கள் இருவரும் திருவிடந்தை போய், பெருமாள் கோயில் வாசலில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டோம். அவர் முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால். திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வருகிற வரைக்கும் இருக்கிற சாலையில் அன்று வழக்கத்தைவிட நானூறு வளைவுகள் அதிகமாக இருந்தன.

“இப்பவே கேட்டுடுய்யா” என்றேன். “ஆமாம், கேள்விப்பட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நல்ல அம்மா. நீ கேட்டா மாட்டேன்னு சொல்லாது.”

“கூடாது அண்ணாத்த. என் பொய்ய என் வாயில வச்சிகினு திரிவேன். இன்னொருத்தர் வாயில தெரிஞ்சே வக்க மாட்டேன்.”

“அப்ப அமலா?”

“இவங்க பிரெஞ்சுல இன்னா வேணா சொல்லட்டும். தமிழ்ல சொல்லப்போறது நான்தான. அந்த மாடில நம்மள வுட்டா எவனுக்குத் தெரியும் பிரெஞ்சு?”

“அதுவும் அவங்க வாயில வைக்கிறதுதானேய்யா?”

“அவங்களுக்குத் தெரியாம வச்சா அந்தப் பாவம் எனக்கு மட்டும்தான். வரட்டும்” என்றார். முன்னால் கிளேர் அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் சிரிப்பைக் கண்டு எதிரே வந்த எருமை ஒன்று சாலையைவிட்டு இறங்கிப் போனது.

மாடி நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அமலா புதுப் புடவையில் இருந்தாள். அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். துண்டு தோளில்தான் கிடந்தது. கை அதன் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. புலவர் எங்களை வரவேற்று, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார்.

“என் மருமகள் ஷீலா. ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பாடம் பிரெஞ்சு. ஏகாம்பரம், நீங்களே மொழிபெயர்க்கலாம். பிழை நேராமல் இவள் பார்த்துக்கொள்வாள்.”

ஷீலா வணக்கம் சொன்னாள். ஏகாம்பரமும் கைகூப்பினார். கூப்பிய கை இறங்கவே இல்லை. நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

“வூட்டுக்குப் பூடலாமா?” என்று அவர் காதில் கேட்டேன். நாற்பது ஆண்டு ரயில்வேயில் இருந்தும் வராத அவருடைய பேச்சு அன்று எனக்கு வந்துவிட்டது, பயத்தில்.

“எங்க போயி இன்னா அண்ணாத்த” என்றார்.

மேடையில் எனக்கு நன்றியுரை. அதனால் ஏகாம்பரத்துக்குப் பக்கத்து நாற்காலி. ஷீலா கீழே முதல் வரிசையில், மடியில் நூலின் அச்சுப்படியோடு இருந்தாள். வரவேற்பும் வாழ்த்தும் நடந்த ஒரு மணி நேரமும் அவள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி சுற்றியது. சுற்றிய ஒவ்வொரு சுற்றையும் எண்ணினேன், பதினோராயிரத்தில் விட்டுவிட்டேன்.

புலவர் ஒலிவாங்கியின் முன் வந்தார். முன்னுரைத் தாள்கள் அவர் கையில் இருந்தன. “நூலை வெளியிடுமுன் அம்மையாரிடம் ஒரே ஒரு கேள்வி” என்றார். “விலுஷே என்ற கவிஞரைத் தாங்கள் அறிவீர்களா? அவர் பெயரால் ஒரு கவிதை வகை தங்கள் நாட்டில் வழங்குகிறதா?”

அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி வந்தது. நம் மன்ற வழக்கப்படி எல்லோரும் காத்திருந்தோம். அந்த வண்டிக்கு எண்ணூறு பெட்டிகள். மேசைக்கு அடியில் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்தேன். குளத்திலிருந்து எடுத்த கல்போல இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேரிடம் கூசாமல் கதை அளந்த மனிதரின் கை நடுங்கியது.

வண்டி போனது. ஏகாம்பரம் கேள்வியைப் பிரெஞ்சில் கேட்டார். கிளேர் அம்மாள் யோசித்தார். பிறகு பேசினார். எனக்குப் பிரெஞ்சில் தெரிந்த ஒரே சொல் ‘நோன்’. இல்லை என்று பொருள். அதை அவர் மூன்று முறை சொன்னார்.

எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் ஷீலாவைப் பார்த்தார். அவள் இப்போது தலை நிமிர்ந்திருந்தாள். பிறகு அமலாவைப் பார்த்தார். பிறகு அவளுடைய அப்பாவை. என் கையை விட்டுவிட்டு எழுந்தார்.

“கேள்விப்பட்டதே இல்லன்னு சொல்றாங்க” என்றார். “முப்பது வருஷம் புத்தகங்களோட இருந்தாங்களாம். அப்படி ஒரு பேரே இல்லையாம்.”

புலவரின் விரல்கள் தாள்களின் நடுவில் இறுகின. ஏகாம்பரம் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். அது என்னவென்று எனக்குத் தெரியும். ‘அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, அந்த ஆள உண்டாக்கினது நான்தான்’ என்பது. மாட்டிக்கொண்டால் சொல்வதற்கென்று வண்டியில் வரும்போது உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார், திருப்போரூர் தாண்டியதிலிருந்து.

அதற்குள் ஷீலா எழுந்துவிட்டாள்.

“மன்னிக்கணும். சார் சொன்னது சரியில்லை” என்றாள். குரல் வகுப்பறையில் ஒலிப்பதுபோல் தெளிவாக இருந்தது. “பெரிய நூலகங்கள்ல அவர் பேர் இருக்காது, அவங்க நூலகத்துலயும் இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா துறைமுகப் பக்கத்து ஊர்கள்ல விலுஷேன்னு சொல்லிக் கேட்டிருக்காங்களாம். அந்தப் பேர்ல ஒரு பாட்டு வகையும் உண்டாம். சார் அந்தப் பகுதியை விட்டுட்டார்.”

கிளேர் அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஷீலா தன்னைக் காட்டிப் பேசுவதைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் மாடி முழுவதும் மூச்சு விட்டது.

ஏகாம்பரம் திறந்த வாயோடு நின்றார். ஷீலாவைப் பார்த்தார். ஷீலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“அப்படியாம்மா” என்றார். “காதுல சரியா வுழல.”

புலவர் அவர் தோளில் கை வைத்தார். “வயதாகிவிட்டது ஏகாம்பரம். பரவாயில்லை, உட்காருங்கள்.” பின்வரிசையில் யாரோ, “கைடு பிரெஞ்ச கடல்ல வுட்டுட்டாரு” என்றார்கள். சிரிப்பு. கைதட்டல். நூல் வெளியானது. அமலாவின் அப்பாவுக்கு முதல் படியைக் கொடுத்தார்கள். என் நன்றியுரையில் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவருக்கு மட்டும் சொல்ல நா வரவில்லை.

அந்தச் செய்தி ஏகாம்பரத்துக்கு முன்னால் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் மற்ற கைடுகள் அவரிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். குட்டியம்மாளின் நட்சத்திரத்தை அவர்களுக்குத் தமிழில் சொன்னார். இரண்டு வருஷம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நான் சொன்னேன், “உண்மையைச் சொல்லிடறேன்யா. என்ன ஆனாலும் ஆகட்டும்.”

“வுடு அண்ணாத்த. இல்லாத ஆளுக்கு ஒரு பேரு குடுத்தோம். இருக்கற ஆளுக்கு ஒண்ணு போச்சு. இன்னா இப்ப?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ பிரெஞ்சில் பேசிப் போனபோது அவர் தலை தானாகத் திரும்பியதை நான் பார்த்தேன்.

சாவு வீட்டுக்கு ஷீலாவும் வந்திருந்தாள். வலைகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள்.

“அந்தத் துண்டுக் கவிதையை அன்னைக்கு மடியில வச்சிருந்தேன் மாமா. ஒரு பேர் இல்லைங்கறதுக்காக இதைக் கிழிப்பாங்களான்னு இருந்துச்சு. எழுந்து சொல்லிட்டேன். அவருக்கு என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்லை. ஒரு மாசம் கழிச்சு இங்க வந்து அவர் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘நீ பண்ணதுதாம்மா சரியான கைடு வேல’ன்னார். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்னேன். ‘நான் உசுரோட கீறவரைக்கும் வாணாம்’னார். அப்புறம்னு கேட்டேன்.” அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. “‘அப்புறம் அண்ணாத்த எழுதுவாரு. அத்த எவனும் நம்ப மாட்டான்’னார்.”

“உன் மாமனார்?”

“அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எழுதுங்க.”

அடுத்த நாள் மதுராந்தகம் போய் அமலாவைப் பார்த்தேன். அவள் சம்மதமில்லாமல் ஒரு எழுத்தும் எழுதுவதில்லை என்று இருந்தேன். மருந்து வாங்கும் வரிசையில் நின்றுதான் அவளைப் பார்க்க முடிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“விலுஷேன்னு யாரும் இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும் மாமா. கடைசி வரி அந்த உறையில இருந்துச்சு. வாசிக்க வாய் வரல, கட்டைவிரலால மறைச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்து அவர் அதைப் பார்த்தார். பார்த்துட்டுத்தான் எழுந்தார்.” ஒருவருக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். “அன்னைக்கு மேடையில அவர் உட்கார்ந்தப்ப நான் எழுந்து நின்னிருக்கணும். நிக்கல. எழுதுங்க. அந்த வெற்றிடம் என்னோடது, பேர்தான் இரவல். அந்தப் பேர் போனா போகட்டும்.” பிறகு, “ஆனா நீங்க எழுதினா யார் நம்புவாங்க மாமா?” என்றாள்.

அதுதான் என் சங்கடம். நாற்பது ஆண்டுகளாக நான் பாடுபட்டுச் சேர்த்த பெயர் இப்போது என் நண்பரின் குறுக்கே நிற்கிறது.

ஆகவே மன்றத்து விதிப்படியே நடந்துகொள்ளுங்கள். பத்தில் ஒன்பதைக் கழித்துவிடுங்கள். சாம்பார் வாளி நிற்கவில்லை, வழிந்துகொண்டுதான் இருந்தது. தாம்பரம் வண்டி தன் வழக்கப்படி தாமதமானது. அந்தச் சாலையில் எப்போதும் இருக்கிற வளைவுகள்தான். கல்பூனை கண் திறக்கவில்லை. விலுஷே இருந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் அவரைச் சுறாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஷீலாவும் அமலாவும் சொன்னதைக்கூட மாமா கட்டியது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது, மேசைக்கு அடியில் என் உள்ளங்கையில் அவர் விட்டுப்போன நடுக்கம் ஒன்றுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு முருகேசன் புதுத் தட்டி அடிக்கப் போகிறார். எழுத்துக் கோக்குமுன் இந்தத் தாளை அவரிடம் யாராவது படித்துக் காட்டுங்கள். கழித்தது போக மிஞ்சுகிற பத்தில் ஒன்று இது: அன்று அந்த மேடையில் கைநடுங்க எழுந்து நின்று ஏகாம்பரம் சொன்ன மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அது மட்டும் உண்மை.